துணிக்கை கண்ட மகளும் வாழைநார் முடிச்சும்

"இறக்குங்கோ அப்பா உதை! இப்பவே இறக்குங்கோ!"

"நான் ஏன் இறக்கோணும்? நான் கட்டினதே?"

"அப்ப ஆர் கட்டினது?"

"ஆர் கட்டினாலும் கட்டினவன் நல்லாயிருக்கோணும்!"

குருநகரில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு லைற் கம்பம் நிற்கிறது. அதற்கு நேரெதிரே என் வீட்டுச் சுவர். ஆகவே அங்கே நடக்கிற சண்டையை நான் ஒட்டுக் கேட்பதில்லை. அது தானாகவே நடந்து வந்து என் காதுக்குள் ஏறி உட்காருகிறது. அன்று காலையும் அப்படித்தான். கையில் இருந்த தேத்தண்ணி ஆறுமுன் நான் வாசல் படலையடிக்கு வந்துவிட்டேன்.

கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே பெரிய பதாகை ஒன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதில் செபநாயகத்தாரின் மகள் ஜெனிற்றா, பட்டமளிப்புத் தொப்பியோடு. பக்கத்தில் ஒரு வரைபடம். இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்கும் கோடு, நடுவில் மட்டும் ஒட்டகம் முதுகைக் காட்டியது போல ஒரு புடைப்பு. புடைப்புக்கு நேர்கீழே 750 என்று ஓர் எண். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில்: "புதிய துணிக்கை கண்டு உலகை அதிரவைத்த எம் மண்ணின் மகளே, வாழ்க!"

வாழ்த்தப்பட்டவளோ கீழே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஒழுங்கையிலை பனர் அடிக்கிறவன் நீ ஒருத்தன்தானே!" என்று அவள் பக்கத்து வீட்டு ஜெனிஸ்ரன் பக்கம் திரும்பினாள். அவனுக்கு ஆஸ்பத்திரி வீதியில் பதாகைக் கடை.

"என்னை ஏன் இழுக்கிறியள்? என்ரை கடையிலை அடிச்சா கீழை என்ரை போன் நம்பர் இருக்கும். நான் செத்தவீட்டுப் பனரிலையே நம்பர் போடுறவன்!"

அது உண்மை. அவனுடைய பெரியப்பாவின் அஞ்சலிப் பதாகையில் பெரியப்பாவின் பிறந்த தேதியை விட அவனுடைய நம்பர்தான் பெரிது.

"ரெண்டு பேரும் உள்ளை வாங்கோ. சனம் பாக்குது," என்றா தாய் சிசிலியா.

சனம் என்று அவ சொன்னது என்னை.

அந்த நேரம் பார்த்துத்தான் கிறிஸ்ரினா அக்காவின் ஸ்கூட்டி வந்து நின்றது. அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெறும்வரை வாகனக் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் விபத்து விசாரித்தவ. வாழ்க்கையில் ஒரு விபத்தைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. உடைந்த கண்ணாடியையும் நெளிந்த தகரத்தையும் பார்த்தே, லொறி எந்தப் பக்கத்தால் வந்தது, சாரதி யாரோடு போனில் கதைத்தான் என்பதுவரை சொல்லிவிடுவா. இப்போது எங்கள் பகுதியில் சங்கிலி தொலைந்தாலும் கோழி தொலைந்தாலும் அவதான் பொலிசு. நான், பிரியந்தினி, அவவின் உதவியாள். ஊரில் யார் வீட்டில் என்ன கறி என்ற தகவல் என் பொறுப்பு.

"ஏன் பிள்ளை கத்துறாய்? வாழ்த்தித்தானே இருக்கு," என்றா அக்கா.

"இந்த வாழ்த்தாலை என்ரை வேலை போகப்போகுது அன்ரி."

ஜெனிற்றா ஜெனீவாவில் இருக்கிற பெரிய மோதல் இயந்திரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். திருவிழாவுக்கு லீவில் வந்தவள். பதாகையின் படத்தை யாரோ பேஸ்புக்கில் போட, சுவிசில் இருக்கிற எங்கள் சனம் அதைக் கொண்டாடிப் பகிர, அங்கே விடியும்போதே அது அவளுடைய பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்துவிட்டதாம்.

"நீங்கள் அங்கை என்னதான் செய்யிறனீங்கள்? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு."

"புரோத்தன்களை ரெண்டு பக்கத்தாலையும் ஓடவிட்டு நேருக்கு நேர் மோதவிடுவம் அன்ரி. சிதறுறதை எண்ணுவம். எந்த நிறையிலை எவ்வளவு வரோணும் எண்டு கொள்கை முன்னமே சொல்லிப்போட்டுது. ஒரு இடத்திலை அதைவிடக் கூட வந்தா உப்பிடிப் புடைக்கும். கொள்கையிலை இல்லாத ஒரு துணிக்கை அங்கை பிறந்து, பிறந்த கையோடை செத்திருக்கு எண்டு அர்த்தம்."

"ஒண்டும் தெரியாமலே போனா?"

"அதுக்கும் வழி இருக்கு. மோத முதல் இருந்த கணக்கு மோதின பிறகும் சரியா வரோணும். ஒரு பக்கம் குறைஞ்சா, கண்ணுக்குத் தெரியாத ஒண்டு அந்தப் பக்கத்தாலை நழுவியிருக்கு."

அக்காவின் முகம் மலர்ந்தது. "உதைத்தானே நானும் இவ்வளவு காலமும் செய்தனான்! சரி, புடைப்பு வந்திட்டுது. பிறகேன் அழுறாய்?"

"வரேல்லை அன்ரி! நாங்கள் இன்னும் பாக்கேல்லை. எங்கை புடைக்கும் எண்டு நினைக்கிறமோ, அந்தப் பகுதியைப் பெட்டிக்குள்ளை போட்டு மூடித்தான் வைச்சிருக்கிறம். எப்பிடி எண்ணுறது எண்டு முழுக்க முடிவெடுத்த பிறகுதான் திறப்பம். முதலே பாத்தா, ஆசைக்கு ஏத்தமாதிரி எண்ணிப்போடுவம்."

"கராச்சுக்காரன்ரை பில்லைப் பாத்திட்டுக் காரைப் பாக்கிறமாதிரி," என்றா அக்கா. "பில்லை முதல் பாத்தா ஒவ்வொரு கீறலும் பில்லுக்குப் பொருந்தும். நான் ஒருநாளும் பில்லை முதல் பாக்கிறேல்லை. அப்ப பெட்டி மூடியிருந்தா, உந்தப் படம் எங்காலை வந்தது?"

ஜெனிற்றா புடைப்பை விரலால் காட்டினாள்.

"அது பயிற்சி. என்ரை முறை சரியோ எண்டு பாக்க, நானே ஒரு பொய்ப் புடைப்பைச் செய்து உள்ளுக்கை வைச்சு, அதைக் கண்டுபிடிக்கிறனோ எண்டு பாக்கிறது."

"நீயே ஒளிச்சு, நீயே தேடிறதுக்கோ சுவிஸ் சம்பளம்?" என்றேன் நான். ஒருவரும் சிரிக்கவில்லை.

"பயிற்சி எண்டு உன்ரை பேராசிரியரிட்டைச் சொல்லன்."

"சொன்னன். பயிற்சிப் படம் எண்டா மூலையிலை பயிற்சி எண்டு சிவப்பு எழுத்திலை அடையாளம் இருக்கோணும், உதிலை இல்லையே எண்டு கேக்கிறார். புதுசா ஒண்டு கீறி அனுப்பினா, நேற்றுச் செய்தது எண்டுவினம். பனர் கட்டின ஆள், எங்கையிருந்து படம் எடுத்தது எண்டு முதல் படத்தோடை சொல்லோணும். நாளைப் பின்னேரம் பெட்டி திறக்கிற கூட்டம். அதுக்கு முதல் சொல்லாட்டில் என்ரை பேர் கட்டுரையிலை இல்லை. அடுத்த வருசம் வேலையும் இல்லை."

செபநாயகத்தார் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அக்கா பதாகைக்குக் கிட்டப் போனா. நானும் போனேன். முதலில் என் கண்ணில் பட்டது, இல்லாத ஒன்று.

"அக்கா, கட்டினவன்ரை பேர் இல்லை! படமும் இல்லை!"

யாழ்ப்பாணத்தில் இது நடக்காத காரியம். பரீட்சையில் பாசான பிள்ளையின் முகம் தபால் முத்திரை அளவில் இருக்கும். வாழ்த்துகிற மாமாவின் முகம் கதவளவில் இருக்கும். வாழ்த்துவதே மாமா தன் முகத்தைக் காட்டத்தான். தன்னைக் காட்டாமல் மற்றவரை வாழ்த்துகிற மனுசன் எங்கள் குடாநாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

"அப்ப, கட்டினவருக்குத் தன்னைக் காட்டுறதை விடப் பெரிய தேவை ஒண்டு இருந்திருக்கு," என்றா அக்கா. "வேறை என்ன தெரியுது?"

"படத்தின்ரை மேல் மூலையிலை காகம் இருந்த மாதிரி ஒரு சின்ன 'உ'. பிள்ளையார் சுழி. திருவிழாவிலை மாதாவின்ரை கூடு தூக்கிற வேதக்கார வீட்டுப் பிள்ளைக்கு ஆரக்கா பிள்ளையார் சுழி போட்டது?"

"நல்லது. இன்னும்?"

"750. பருத்தித்துறை பஸ் நம்பர். பிள்ளை புதுசாக் கண்டுபிடிச்சது உதெண்டா, எனக்கு அதைச் சின்ன வயசிலையே தெரியும்."

இந்த முறையும் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் ஜெனிற்றாவின் காது மட்டும் சிவந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

பதாகையின் ஒரு நுனி கழன்று ஆடியது. அக்கா அதைப் பிடித்து முடிச்சைத் தடவிப் பார்த்தா. கடல் தொழில் செய்கிற செபநாயகத்தாரும் எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், மனிதருக்கு மகளின் கவலையே மறந்துவிட்டது.

"இதென்ன முடிச்சு! கடல் காத்துக்கு இது நிக்குமே? ஆரடா இந்தக் கேட்டைச் செய்தது?"

"முடிச்சை விடுங்கோ. கயிறைப் பாருங்கோ," என்றா அக்கா.

அது கயிறே இல்லை. குருநகரில் எந்த வீட்டு வேலியில் கையை விட்டாலும் வலை பின்னுகிற நைலோன் நூல் வரும். அப்படிப்பட்ட ஊரில், இந்தப் பதாகை காய்ந்த வாழைநாரால் கட்டப்பட்டிருந்தது.

"வாழைநார்," என்றா அக்கா.

"நீர்வேலியிலை எனக்கு ஒருத்தரையும் தெரியாது!" என்றாள் ஜெனிற்றா.

அக்கா மெல்லத் திரும்பினா. "நான் நீர்வேலி எண்டு சொல்லேல்லையே பிள்ளை. வாழை சாவகச்சேரியிலையும்தான் நிக்குது."

ஜெனிற்றா நிலத்தைப் பார்த்தாள். தகப்பன் மகளைப் பார்த்தார். நான் எல்லாரையும் பார்த்தேன். இப்போதுதான் என் தகவல் களஞ்சியம் திறக்கவேண்டிய நேரம் வந்தது.

"அக்கா, ஒரு கணக்குச் சொல்லட்டே? இந்தப் பிள்ளை லீவிலை வந்த நாளிலையிருந்து இந்த வீட்டிலை இதரை வாழைப்பழம் முடியுறேல்லை. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு சீப்பு. சிசிலியா அக்கா சந்தையிலை வாழைப்பழம் வாங்கினதை நான் காணேல்லை. செபநாயகம் அண்ணைக்கு வாழைப்பழம் கண்ணிலையும் காட்டக்கூடாது. வரவு இருக்கு, வாங்கினது இல்லை."

"கண்ணுக்குத் தெரியாத ஒண்டு அந்தப் பக்கத்தாலை நழுவியிருக்கு," என்றா அக்கா. "ஏறு ஸ்கூட்டியிலை."

"அன்ரி, ஆரிட்டைப் போறியள்?" ஜெனிற்றா ஸ்கூட்டியின் கைபிடியைப் பிடித்தாள். "அவர் இல்லை. அவர் அப்பிடிச் செய்யமாட்டார். ஆனா ரெண்டு நாளா போன் எடுக்கிறாரில்லை. நான் அவருக்கு அனுப்பினதையும் அண்டண்டைக்கே அழிச்சுப்போடுவன், அப்பா என்ரை போனைப் பாக்கிறவர்."

"அவரெண்டா எவர்?" என்று செபநாயகத்தார் உறுமுவது பின்னால் கேட்டது. அதன் மிச்சத்தைக் கேட்கக் கொடுத்துவைக்காமல் ஸ்கூட்டியில் ஏறினது, இந்த வழக்குக்காக நான் செய்த பெரிய தியாகம்.

பருத்தித்துறை வீதியில் கோப்பாய் கழிந்து நீர்வேலிக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் செம்மண், வாழை, செம்மண், வாழை. எங்களை முந்திக்கொண்டு ஒரு பஸ் போனது. அதன் நெற்றியில் 750.

"அக்கா," என்றேன்.

"கண்டனான்," என்றா அக்கா.

"நான் பகிடியாத்தான் சொன்னனான்."

"உன்ரை பகிடியிலைதான் எப்பவும் சாமான் இருக்கு. உன்ரை தகவலிலைதான் பொய் இருக்கு."

சந்திக்குக் கிட்ட வாழைக்குலை ஏற்றுகிற ஒரு கொட்டகையில் நிறுத்தினோம். யாரிடம் எப்படி விசாரிப்பது என்று வழி முழுக்க மூன்று பொய் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. குலை கட்டிக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் தானாகவே போனை நீட்டினார்.

"தங்கச்சியவை யாழ்ப்பாண ரவுணாலையோ? உதைக் கண்டனீங்களே? குருநகர்ப் பிள்ளை ஒண்டு உலகத்தையே உலுக்கிப்போட்டுதாம். எங்கடை கதிரவேலண்ணை காலமை தொடக்கம் எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அந்தப் பகுதிச் சனம் பனர் கட்டிக் கொண்டாடுதாம்."

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தா. பதாகை நிற்கிறது. கம்பம் நிற்கிறது. என் சுவரும் நிற்கிறது.

"கொண்டாடுற சனம் எங்கை?" என்றா என்னிடம் மெல்ல.

அதுதானே! எங்கள் ஒழுங்கையில் ஒருவர் ஏணியைச் சாய்த்தாலே பத்துப் பேர் அண்ணாந்து பார்ப்பார்கள். படத்தில் ஒரு நாய்கூட இல்லை. விடிகிற வெளிச்சத்தில், கட்டின கையோடு எடுத்த படம். எடுத்தவர்தான் கட்டினவர். காலமை தொடக்கம் அதை அனுப்பிக்கொண்டிருக்கிறவரின் வீட்டுக்கு வழி கேட்டோம்.

கதிரவேலு வீட்டு முற்றத்தில் பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் நின்றது. அதன் பெட்டிக்குள் ஏணி. ஏணியில் ஒரு வாழைநார்க் கட்டு தொங்கியது. நான் அக்காவின் இடுப்பில் இடித்தேன். அக்கா என் காலை மிதித்தா.

கதிரவேலர் விறாந்தையில் இருந்தார். நெற்றி நிறைய விபூதி, மடிப்புக் குலையாத வேட்டி, சேர்ட் பையில் இரண்டு போன். அவருடைய மனிசி ஞானாம்பிகை எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தா.

"குருநகரோ?" என்றார் அவர். "நான் அந்தப் பக்கம் போய் எத்தினையோ வருசம். பனரைப் பற்றி எனக்கென்ன தெரியும்? ஆரோ போட்ட படம், நானும் அனுப்பினன்."

"பெரிய உதவி ஐயா," என்றா அக்கா பணிவாக. "நாங்கள் ஒரு விசயமாத்தான் வந்தனாங்கள். அந்தப் பனரைக் கட்டினவருக்குக் கோயில் முன்றலிலை பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப்போறம். பேப்பரிலையும் போடுவினம். கட்டினது எங்கடை ஜெனிஸ்ரன். நல்ல பொடியன். தான் தனியாளா ஏறிக் கட்டினதெண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறான். மேடையிலை உங்களை மாதிரி ஒரு பெரியவர் பொன்னாடை போர்த்தினா வடிவாயிருக்கும்..."

கதிரவேலரின் முகம் முதலில் சிவந்து பிறகு கறுத்தது.

"அவனோ? அவனோ கட்டினது? விடியப்புறம் அந்தக் கடல் காத்துக்கை, ஏணி ஆட ஆட, இந்த முழங்காலோடை..."

நின்றுவிட்டார். மிச்சம் வாய்க்குள்ளேயே கிடந்தது.

அக்கா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தா. "நல்ல சாயம்," என்றா ஞானாம்பிகையிடம்.

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீங்களும் ஒரு பொய்ப் புடைப்புச் செய்து வைத்தல்லவா பார்த்தீர்கள் என்று அக்காவிடம் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தோட்டத்துப் பக்கமிருந்து ஒருவன் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். உயரம், கால் முழுக்கச் செம்மண். நிருஷன். ஒரே மகன். பல்கலைக்கழகத்தில் ஜெனிற்றாவோடு பௌதிகம் படித்துவிட்டு, தகப்பனின் வாழையைப் பார்ப்பவன்.

"அப்பா, என்ரை போன் உங்கடை பைக்குள்ளையோ கிடக்கு?"

"தோட்டத்திலை கிடந்தது. எடுத்து வைச்சன்."

"ரெண்டு நாளாத் தேடுறன்!"

பிறகு எல்லாம் சரசரவென்று வந்தது. இந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்கிற காலத்திலிருந்தே விருப்பம். வெள்ளிக்கிழமை இதரைப் பழம் பஸ்ஸில் வந்து இறங்கியது அந்த வழியால்தான். ஒரு வருசத்துக்கு முன் விசயம் கதிரவேலருக்குத் தெரிந்து, வீடு இரண்டாகப் பிளந்து, அவர் கேட்ட ஒரே கேள்வி எல்லாத் தகப்பன்மாரும் கேட்கிறதுதான்: ஆற்றை ஆக்கள், யாருடைய வழி, எந்தப் பக்கம், சொந்தக்காரர் கேட்டால் என்ன சொல்லுறது? மகன் ஒன்றும் சொல்லாமல் தோட்டத்துக்குப் போனான். அன்றிலிருந்து வேறு சம்பந்தம் எது வந்தாலும் தோட்டத்துக்கே போனான்.

போன கிழமை, மகனின் போனில் இந்த வரைபடம் கிடந்ததைக் கண்டு, இது என்னவென்று தகப்பன் கேட்டிருக்கிறார். புதுத் துணிக்கை ஒன்று அகப்பட்டால் இப்படித்தான் தெரியும் என்று மகன் தொடங்கியிருக்கிறான். மிச்சத்தைக் கேட்கக் கதிரவேலருக்குப் பொறுமை இல்லை. தலைக்குள் வேறு கணக்கு ஓடிவிட்டது.

"உலகமே அவளைக் கொண்டாடினா, ஆற்றை ஆக்கள் எண்டு என்ரை அண்ணன்மார் கேக்க ஏலாதெல்லோ," என்றார், வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு. "ஆனா நான் வாழ்த்தினா, நான் முதலே சம்மதிச்சிட்டன் எண்டுவினம். அந்தப் பகுதிச் சனமே கொண்டாடினமாதிரி இருந்தா, பிறகு நான் மெல்ல..."

"இறங்கி வரலாம்," என்றேன் நான். "ஏணியாலை."

அக்கா என் காலை இன்னொருமுறை மிதித்தா. "ஐயா, உங்கடை மகன்ரை போனிலை அந்தப் படத்தை ஒருக்காக் காட்டுங்கோ."

போனில் வரைபடம் வந்தது. அதே சரிவு, அதே ஒட்டகம், அதே 750. ஆனால் மேல் மூலையில், பதாகையில் பிள்ளையார் சுழி இருந்த அதே இடத்தில், சிவப்பு இங்கிலீஷ் எழுத்தில் ஒரு சொல்.

"பயிற்சி எண்டு போட்டிருக்கு," என்றான் நிருஷன். குரல் இறங்கிவிட்டது. "அப்பா, இந்தச் சொல் பனரிலை எங்கை?"

"ஏதோ சிவப்பு மையிலை அசிங்கமாக் கிடந்தது," என்றார் கதிரவேலர். "நல்ல காரியத்துக்கு அடிக்கிறது, தொடக்கத்திலை பிள்ளையாரைப் போடாமல் விடேலுமே? அந்த இடத்திலை அவரைப் போடச் சொன்னன்."

பிள்ளையார் அன்று அறியாமல் செய்த காரியம், ஒரு பிள்ளையின் வேலைக்கே உலை வைத்துவிட்டது.

"அப்ப," கதிரவேலர் மெல்லக் கேட்டார், "அந்தப் பிள்ளை ஒண்டும் கண்டுபிடிக்கேல்லையோ?"

"பெட்டி இன்னும் திறக்கேல்லை அப்பா. இது அவ பரிசோதனைக்கு வைச்ச பொய்ப் புடைப்பு. அந்த எண்ணிலை முந்தி ஒருக்கா உண்மையாவே ஒரு புடைப்பு வந்து, உலகம் முழுக்கத் துள்ளிக் குதிச்சு, தரவு கூடக் கூட அது கரைஞ்சு போனது. அதாலை அங்கை வைச்சவ. மற்றது..." அவன் வெட்கத்தோடு நிலத்தைப் பார்த்தான். "மற்றது, அது எங்கடை பஸ்."

ஞானாம்பிகை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. சிரிப்போ அழுகையோ, இரண்டும்தான்.

அக்கா நேராகவே கதைத்தா. "ஐயா, சுருக்கமாச் சொல்லுறன். பனர் கட்டினது நான், படம் எடுத்தது மகன்ரை போனிலையிருந்து, அடையாளத்தை மறைச்சதும் நான் எண்டு, இந்தப் படத்தோடை நீங்கள் சொன்னா அந்தப் பிள்ளையின்ரை வேலை தப்பும். ஆனா காலமை முழுக்க ஊருக்கு அனுப்பின படம் பொய் எண்டு தெரிஞ்சு போம். உங்கடை அண்ணன்மாருக்கும் தெரியும். சொல்லாட்டில் உங்கடை மரியாதை நிக்கும், அவவின்ரை பேர் போம். நான் வற்புறுத்தேல்லை. உங்கடை விருப்பம்."

கதிரவேலர் போனைப் பார்த்தார். லான்ட்மாஸ்ரரைப் பார்த்தார். கடைசியில் மனிசியைப் பார்த்ததுதான் பிழையாய்ப் போயிற்று.

"பேர் போடாமல் ஏணியிலை ஏறினியள்," என்றா ஞானாம்பிகை. "பேர் போட்டு இறங்குங்கோவன்."

அன்று பின்னேரமே லான்ட்மாஸ்ரர் குருநகருக்குள் வந்தது. கதிரவேலர் இறங்கி, மகன் பிடித்த போனுக்கு முன்னால் நின்று, எல்லாவற்றையும் தன் வாயால் சொன்னார். தன் பேரையும் ஊரையும் இரண்டு தரம் சொன்னார். நிருஷன் அதையும் படத்தையும் ஜெனீவாவுக்கு அனுப்பினான். பிறகு கதிரவேலர் ஏணியைச் சாய்த்துப் பதாகையை அவிழ்க்கப் போனார். கீழே செபநாயகத்தார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பக்கத்தாலும் வந்த இரண்டு தகப்பன்மார். நேருக்கு நேர் மோதினால் என்ன சிதறுமோ!

"ஓய்," என்றார் செபநாயகத்தார். "உந்த முடிச்சை ஆர் உமக்குக் காட்டித் தந்தது?"

"வாழைக்குலைக்கு உதுதான் போடுறது."

"குலை பறக்காது ஓய்! இறங்கும், நான் காட்டுறன்."

சிதறினது அவ்வளவுதான். அந்தி படும்வரை இரண்டு பேரும் நைலோன் நூலோடு மல்லுக்கட்டினார்கள். சிசிலியா அக்கா நண்டுக் குழம்பு வைத்தா. கதிரவேலர் சைவம் என்று சொல்லிப் பிட்டை மட்டும் சாப்பிட்டார். குழம்புச் சட்டியை மட்டும் அடிக்கடி பார்த்தார்.

பேராசிரியரின் பதில் அன்றிரவே வந்தது. பயிற்சிப் படத்தை வெளியாட்களுக்கு அனுப்பியதற்கு ஜெனிற்றாவுக்கு நல்ல ஏச்சு; ஆனால் பேர் கட்டுரையிலேயே இருக்கட்டும் என்று விட்டார்கள். அடுத்தநாள் பெட்டி திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கொள்கை எவ்வளவு சொன்னதோ அவ்வளவுதான் வந்திருந்தது. எங்கும் ஒரு புடைப்பும் இல்லை. ஜெனிற்றா ஒழுங்கைக்கு ஓடிவந்து துள்ளினாள்.

"ஒண்டும் இல்லை எண்டதுக்கோ இந்தத் துள்ளல்?" என்று கேட்டார் தகப்பன்.

"அங்கை இல்லை எண்டு உறுதியாத் தெரிஞ்சிட்டுது அப்பா. இனி மற்றவையும் அங்கை போய்த் தேடி மினக்கெடத் தேவையில்லை. எல்லாருக்கும் சொல்லுவம். மீன் இல்லாத இடத்தை நீங்கள் மற்ற ஆக்களுக்குச் சொல்லுறேல்லையே?"

செபநாயகத்தார் யோசித்தார். "மீன் இருக்கிற இடத்தைத்தான் சொல்லுறேல்லை. இல்லாத இடத்தை எல்லாருக்கும் சொல்லுவன்."

ஆவணியில் கலியாணம். காலையில் கோயிலில் மோதிரம், மத்தியானம் நீர்வேலி மண்டபத்தில் வாழையிலைச் சாப்பாடு. கதிரவேலரின் அண்ணன்மார் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டு, முதல் பந்தியிலேயே வந்து உட்கார்ந்தார்கள். ஒழுங்கையில் புதுப் பதாகை ஏறியது. வாழ்த்துகிறவர்களின் முகங்கள் நிறைந்ததில், மாப்பிள்ளை பொம்பிளை முகத்தைக் கண்டுபிடிக்க ஜெனிற்றாவின் இயந்திரமே வேண்டியிருந்தது. மூலையில் ஒரு சிலுவை, பக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழி, கீழே ஜெனிஸ்ரனின் போன் நம்பர். அந்த நம்பருக்கு அழைத்து அச்சு வடிவாயிருக்கு என்று சொன்ன கொழும்புத்துறை றொசாந்தியைத்தான் அவன் தை மாசம் கலியாணம் முடித்தான். கடையையும் அங்கேயே கொண்டுபோய்விட்டான். ஜெனிற்றாவும் நிருஷனும் ஜெனீவாவுக்குப் போனார்கள். அங்கே அவன் வீட்டு யன்னலோரம் வாழை நட்டுப் பார்த்தானாம், குளிரில் பட்டுப்போயிற்றாம்.

வெள்ளிக்கிழமை இதரைச் சீப்பு இப்போதும் 750இல் வந்து இறங்குகிறது. கொண்டுவருகிறவர் கதிரவேலர். எல்லாரும் பார்க்க ஒழுங்கையால் நடந்து வந்து, செபநாயகத்தார் வீட்டில் சீப்பை இறக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நண்டுக் குழம்பு சாப்பிடுகிறார். வாறது என்ன, கொண்டுவாறது ஆர், சாப்பிடுறது என்ன, எல்லாம் வெளிச்சம். கணக்கு இரண்டு பக்கமும் சரி.

நான்தான் படலையடியில் சும்மா நிற்கிறேன், கதைக்க ஒன்றும் இல்லாமல்.